மழலையர் கல்வியில் கால் வைக்க நினைக்கும் பெண்ணுக்கு

கேள்வி: "பி.காம். முடித்து இரண்டு ஆண்டாகிறது. வயது 24. டெல்டா பக்கம் சிறிய ஊர். துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எனக்குச் சின்னக் குழந்தைகளோடு இருக்கத்தான் பிடித்திருக்கிறது. மழலையர் பள்ளி ஆசிரியை ஆகப்போகிறேன் என்றால், 'டிகிரி படித்துவிட்டு ஆயா வேலைக்கா?' என்கிறார்கள் வீட்டில். என்ன படிக்க வேண்டும், எங்கே சேர வேண்டும், இதில் முன்னுக்கு வர வழி உண்டா?"

உங்கள் வீட்டார் சொன்ன 'ஆயா வேலை' என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஆயாதான். 1999 ஜூனில் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் கையில் பட்டமும் ஒரு பயிற்சிச் சான்றிதழும் இருந்தன. அந்த அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். காலையில் வாசலில் நின்று பிள்ளைகளை இறக்கிக்கொள்ளும்போதே, "இவனுக்கு இன்றைக்குக் காய்ச்சல் வரும் டீச்சர், பாருங்கள்" என்பார். பதினொரு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "தினமும் இறங்கியதும் செருப்பைக் கழற்றி உதறுவான். இன்றைக்கு அப்படியே நின்றான்" என்றார். இருபத்தாறு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். பத்து ஆண்டுகளாகப் புதிதாக வரும் ஆசிரியைகளுக்குப் பயிற்சியும் தருகிறேன். அந்தச் செருப்பைப் பார்த்த கண்ணைத்தான் இன்றும் கற்பிக்க முயல்கிறேன். இந்தத் தொழிலின் சாரமே குழந்தையைப் பார்க்கத் தெரிவதுதான். எந்தப் படிப்பு, எந்தப் பள்ளி, எந்தச் சம்பளம் என்ற உங்கள் கேள்விகளுக்கெல்லாம் இதை வைத்தே பதில் சொல்லப் போகிறேன்.

நம் முன்னோர் இப்படிப் பார்த்தவர்கள்தாம். பிள்ளைத்தமிழின் பருவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து கைதட்டுவது. ஓராண்டு நிறையும்போது வாரானை: 'வா' என்று கை நீட்டினால் தளர்நடை போட்டு வருவது. இன்று குழந்தை மருத்துவர்களின் சுவரில் தொங்கும் வளர்ச்சி அட்டவணைக்கு இது அதிக தூரம் இல்லை. நூற்றாண்டுகளுக்கு முன்பே குழந்தையின் கழுத்தும் இடுப்பும் பாதமும் எந்த வரிசையில் வலுவடைகின்றன என்று யாரோ கூர்ந்து கவனித்து, அதை இலக்கிய மரபாகவே ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் கவனிப்பைக் கூலிக்கும் கௌரவத்துக்கும் உரிய தொழிலாக நாம் இன்னும் மதிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் ஒரு முடிவு எடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளோடு வேலையா, மூன்று முதல் ஆறு வயது வரையா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே வந்தால் இரண்டும் வேறு வேறு தொழில்கள். முதலாவதில் நாள் முழுவதும் ஊட்டுவது, தூங்கவைப்பது, கழுவிவிடுவது, பேச்சுக் கொடுப்பது. அந்தப் பேச்சுதான் பாடம். துணி மாற்றும்போது "இதோ வலது கை வருகிறது, இதோ இடது கை" என்று சொல்லிக்கொண்டே மாற்றுகிறவருக்கும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி மாற்றுகிறவருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வயதுக் குழந்தையின் முகத்திலேயே காணலாம். இரண்டாவதில் கதை, பாட்டு, மணல், களிமண், வரிசையில் நிற்பது, விட்டுக்கொடுப்பது, எண்ணுவது. என் கணிப்பில் வருங்காலத்தில் ஆள் பற்றாக்குறை முதலாவதில்தான் கடுமையாக இருக்கும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது ஒரு கதை. இது என் தவறும்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, என் அறையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஆள் நான் ஒருத்தி. புளியங்கொட்டையையும் மொச்சையையும் கலந்து வைத்து, பிரித்து அடுக்கச் சொல்லியிருந்தேன். நல்ல செயல்பாடுதான், விரலுக்கும் கண்ணுக்கும் ஒருசேர வேலை. மூன்றரை வயதுப் பையன் ஒருவன் ஒரு கொட்டையை மூக்கில் ஏற்றிக்கொண்டான். அழவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்க மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தான், சளி என்று நினைத்தேன். மூன்று மணிக்கு அவன் அம்மா வந்து முகத்தைத் தூக்கிப் பார்த்ததும் கேட்டார்: "மிஸ், இவன் ஏன் வாயால் மூச்சு விடுகிறான்?" அரசு மருத்துவமனையில் டாக்டர் எடுத்துவிட்டார், பெரிய விபரீதம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரவு நான் தூங்கவில்லை. நிர்வாகம் என்னிடம் விளக்கம் எழுதி வாங்கியது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒருத்தியிடம் விட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அன்று கேட்கத் தெரியவில்லை.

இன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்திய அரசின் 2013ஆம் ஆண்டு முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயது வரை இருபது பிள்ளைகளுக்கு ஒருவர் என்றும், மூன்று வயதுக்குக் கீழே பத்துப் பேருக்கு ஒருவர் என்றும் சொல்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறையும் 30 சதுர மீட்டர் வெளியிடமும் வேண்டும் என்கிறது. நேர்காணலுக்குப் போகும் எந்தப் பள்ளியிலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என் அறையில் எத்தனை பிள்ளைகள், என்னோடு இன்னொருவர் இருப்பாரா?" என்பதே. 25 பிள்ளைகள், ஓர் உதவியாளர் என்றால் சேரலாம். நாற்பது, தனி ஆள் என்றால், சம்பளம் கூடுதலாகவே இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அங்கே பிள்ளைகளைக் கட்டிக்காக்கத்தான் முடியும், பார்க்க முடியாது. பார்க்க முடியாத இடத்தில் ஐந்து ஆண்டு இருந்தாலும் உங்கள் அனுபவம் ஓராண்டு அனுபவம்தான்.

படிப்புக்கு வருகிறேன். இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். தெருவுக்குத் தெரு 'ஆசிரியர் பயிற்சி, ஆறு மாதத்தில் சான்றிதழ், வேலை உறுதி' என்று தட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றில் நல்லவையும் உண்டு, வெறும் காகிதம் விற்பவையும் உண்டு. பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும்: "பயிற்சிக் காலத்தில் எத்தனை நாள் நான் உண்மையான குழந்தைகளோடு வகுப்பறையில் இருப்பேன்? யார் வந்து என்னைப் பார்த்துக் குறை சொல்வார்கள்?" இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். மண்டபத்தில் உட்கார்ந்து அட்டையில் யானை வெட்டி ஒட்டப் பழகுவதற்குப் பெயர் பயிற்சி இல்லை.

முறையான வழிகள் சில இருக்கின்றன. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற இரண்டு ஆண்டு முன்பருவக் கல்விப் பட்டயம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் ஐம்பது விழுக்காடு மதிப்பெண் இருந்தால் சேரலாம். சேருமுன் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று குழுமத்தின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதே துறையில் ஓராண்டுப் பட்டயம் நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். துணிக்கடைச் சம்பளத்தை இப்போதே விட முடியாத நிலை என்றால் உங்களுக்கு இது பொருந்தும். ஆனால் அஞ்சலில் வரும் பாடம் கண்ணைப் பழக்காது. ஞாயிறு தவிர மற்ற நாள்களில் ஒரு மணி நேரமாவது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நிற்க வழி செய்துகொண்டு அதைப் படியுங்கள். இன்னும் ஆழமாகப் போக ஆசையிருந்தால், மனையியலும் குழந்தை வளர்ச்சியும் கற்பிக்கும் கோவை அவினாசிலிங்கம் போன்ற நிறுவனங்களில் பட்ட மேற்படிப்பு இருக்கிறது. உங்கள் பி.காமை வைத்து எதில் சேர முடியும் என்பதை அவர்களின் சேர்க்கை அலுவலகத்தில் நேரில் கேட்பது நல்லது.

குழந்தை தானே பொருளை எடுத்துக் கையால் செய்து கற்கும் மான்டிசோரி முறை பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள் என்று தெரியும். அந்தப் பெயருக்கும் நம் ஊருக்கும் உண்மையான உறவு உண்டு. அந்த முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மான்டிசோரி 1939இல், தம் 69ஆம் வயதில், பிரம்ம ஞான சபையின் அழைப்பின் பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 300 பேர் வந்து பயின்றார்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிரி நாடாகிவிட்டதால் அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, அங்கேயே பிள்ளைகளோடு வேலை செய்தார். மலையில் செடிகளும் பூச்சிகளும் கற்களுமாகக் குழந்தைகள் கற்றதைக் கண்டு அவர் தம் முறையை விரிவாக்கிக்கொண்டார். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்தக் கதை அங்கே பலருக்குத் தெரியாது.

ஆனால் கவனம்: 'மான்டிசோரி' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், அதற்குத் தனி உரிமை கிடையாது. உள்ளே போய்ப் பாருங்கள். இரண்டரை வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் கலந்து இருக்கிறார்களா? பொருள்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்வான திறந்த அலமாரியில் இருக்கின்றனவா, அல்லது பூட்டிய கண்ணாடிப் பெட்டியில் பார்வைக்கு இருக்கின்றனவா? ஒரு குழந்தை தான் எடுத்த வேலையை மணி அடித்து நிறுத்தாமல் முடிக்க விடுகிறார்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அந்த இடத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். மரியா மான்டிசோரி 1929இல் தொடங்கிய சர்வதேசச் சங்கத்தின் பட்டயம் செலவு மிக்கது, ஆனால் உழைப்பு வாங்கும் படிப்பு. வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. கடன் வாங்கி முதல் ஆண்டிலேயே அதில் குதிக்க வேண்டாம் என்பேன். இரண்டு ஆண்டு வேலை பார்த்து, இது உங்கள் தொழில்தான் என்று உறுதியான பிறகு போங்கள்.

அங்கன்வாடியை உங்கள் கேள்வியில் நீங்கள் குறிப்பிடவே இல்லை. பலரும் குறிப்பிடுவதில்லை, 'பால்வாடி' என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் இருக்கின்றன. வேறெந்தத் தனியார் நிறுவனமும் நெருங்க முடியாத எண் இது. 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு உணவு, உடல்நலம், கல்வி மூன்றும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தபோது, பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது கடந்த குழந்தைகளும் அதில் சேர்ந்தார்கள். சத்துமாவுப் பொட்டலம், எடை பார்க்கும் இயந்திரம், தடுப்பூசி நாள், நடுவே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் என்று ஒரு பணியாளர் தனியே இத்தனையையும் தூக்கிச் சுமக்கிறார்.

வேலை விவரம் கேட்பீர்கள். 2025ஆம் ஆண்டு ஆள்சேர்ப்பில் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பும் தகுதி. பணியாளர் பணிக்கு வயது 25 முதல் 35 வரை. நீங்கள் அடுத்த பிறந்தநாளில் அந்த எல்லைக்குள் வருகிறீர்கள். முதல் ஓராண்டு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், அதன் பிறகு 7,700 முதல் 24,200 வரை சிறப்புக் காலமுறை ஊதியம். பெண்கள் மட்டுமே, அதுவும் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள். இந்தத் தொகை குறைவு என்பதை நான் மறைக்கப் போவதில்லை. இந்த நாடு தன் சின்னஞ்சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தருவது 'மதிப்பூதியம்' என்ற பெயரிலான சொற்பத் தொகை. எவ்வளவு மதிப்பு என்பதை அந்தத் தொகையே சொல்லிவிடுகிறது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அது சும்மா வந்ததல்ல, ஆண்டுக்கணக்காகத் தெருவில் நின்ற பெண்கள் போராடிப் பெற்றது.

அங்கன்வாடியில் ஏறுபடி உண்டு: மேற்பார்வையாளர், அதற்கு மேல் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். பின்னதற்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நேரடியாகவும் தேர்வு வைக்கிறது. ஆனால் ஊட்டச்சத்து, மனையியல், உளவியல், சமூகப்பணி போன்ற பட்டங்களைக் கேட்பார்கள், பி.காம். அங்கே உதவாது. ஆகவே மேற்படிப்பு எதை எடுப்பது என்று யோசிக்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள். 2019 ஜனவரியில் 2,381 அரசு நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020 மூன்று முதல் எட்டு வயது வரை ஒரே அடித்தளப் பருவம் என்கிறது. கொள்கையோடு மாநிலத்துக்கு உள்ள வழக்குகள் வேறு. ஆனால் இந்த வயதுக்குத் தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணம் எல்லாப் பக்கமும் வலுத்துவருகிறது.

தனியார் பள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாக. சிறிய ஊர்களில் நான் அறிந்த சம்பளங்கள் பெரும்பாலும் பத்தாயிரத்தைத் தொடுவதில்லை. பெருநகரங்களில் நல்ல பயிற்சியும் ஆங்கிலமும் இருந்தால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கிடைக்கும், ஆனால் வீட்டு வாடகை அதை விழுங்கிவிடும். மூலச் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. நகலை மட்டும் கொடுங்கள். கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு நாலு வரி நோட்டில் வீட்டுப்பாடம் கொடுக்கச் சொல்வார்கள், பெற்றோரும் அதைத்தான் கேட்பார்கள். மூன்று வயதில் வட்டம் வரைய வருகிறது, நான்கில் கூட்டல் குறி, நாலரையைத் தாண்டிச் சதுரம், ஐந்தை ஒட்டி முக்கோணம். சாய்கோடு வராத கைக்கு 'அ' எப்படி வரும்? அந்த விரல்களுக்கு வேண்டியது மாவு பிசைவதும் பூ தொடுப்பதும் உளுந்து பொறுக்குவதும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் பொறுமையாக, கோபப்படாமல், அவர்கள் பிள்ளை செய்த களிமண் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லப் பழகுவதும் உங்கள் தொழிலின் ஒரு பாதி.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பராமரிப்பில்தான் ஆள் தேவை பெருகும் என்று சொன்னேன். காரணம் சட்டத்திலும் இருக்கிறது, வாழ்க்கையிலும் இருக்கிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது, 1976இல் அந்த எண்ணை முப்பதாகக் குறைத்தார்கள். 2017இல் பேறுகாலப் பயன் சட்டத்தைத் திருத்தி, விடுப்பை 26 வாரமாக்கியபோது, ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர் உள்ள நிறுவனங்களுக்குக் காப்பகம் கட்டாயம் என்றார்கள். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். காகிதத்தில் இருக்கும் இந்த விதியைப் பல இடங்களில் நிறைவேற்றவில்லை. நிறைவேற்ற முனைந்தவர்களுக்கோ பயிற்சி பெற்ற ஆள் கிடைக்கவில்லை. பாட்டிகளும் இப்போது வேலைக்குப் போகிறார்கள், அல்லது வேறு ஊரில் இருக்கிறார்கள். ஏழு மாதக் குழந்தையை நம்பி விடத் தக்க ஒரு கை என்பது இன்று பெரிய தகுதி. 1969இல் டெல்லியில் ராஜ்காட் கட்டுமான இடத்தில், மண்ணில் கிடந்த தொழிலாளர் குழந்தைகளுக்காக மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கிய நடமாடும் காப்பகம் பின்னாளில் பெரிய இயக்கமானது. நம் ஊர் நூற்பாலைகளிலும் பின்னலாடை ஆலைகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் அதற்கான தேவை அப்படியே கிடக்கிறது.

காப்பகம் சொந்தமாகத் தொடங்கலாமா என்று சிலர் முதல் நாளே கேட்கிறார்கள். மூன்று ஆண்டாவது பிறரிடம் வேலை செய்த பிறகு தொடங்குங்கள். அதற்குள் முதலுதவி கற்றிருக்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொண்டை அடைத்து, இருமவோ அழவோ முடியாமல் போனால், முன்கையில் தலை தாழக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சில் ஐந்து அழுத்தம், மாறி மாறி. இதைப் பொம்மையில் செய்து செய்து கை தானாக வர வேண்டும், புத்தகத்தில் படித்தது அந்த நேரத்தில் உதவாது. இன்னொன்று: குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்திருப்பது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது உங்கள் கடமை. சொல்லாமல் மறைத்தால் அது குற்றம். பள்ளியின் பெயர் கெடும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். கேட்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வெளிநாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனினும் ஒரு வரி. சிங்கப்பூரின் பாலர் பள்ளிகளில் தாய்மொழி வகுப்பு இருப்பதால் தமிழ் கற்பிக்கத் தெரிந்த பாலர் பள்ளி ஆசிரியருக்கு அங்கே இடமுண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் இது பதிவு பெற்றே செய்ய வேண்டிய தொழில், அதற்கெனச் சட்டமே உண்டு. அங்கே குடியேறிய ஈழத்தமிழ்ப் பெண்கள் பலர் இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டயம் முடித்து இந்த வேலையில் நிலைத்திருக்கிறார்கள். அங்கே மருத்துவரைப் போல வழக்கறிஞரைப் போலப் பதிவு எண் இருக்கும் தொழில் இது என்று உங்கள் அப்பாவிடம் சொல்லலாம்.

இனி, பார்ப்பது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. என் வகுப்பில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். 'அடங்காதவள்' என்று முந்தைய ஆசிரியை குறிப்பு எழுதியிருந்தார். கூப்பிட்டால் வர மாட்டாள், கதை நேரத்தில் எழுந்து போய்விடுவாள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் அவளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். கருத்து எழுதவில்லை, கண்ணில் பட்டதை மட்டும். 'ஜன்னல் பக்கம் உட்கார்ந்தபோது கூப்பிட்டேன், திரும்பினாள்.' 'கதவுப் பக்கம் உட்கார்ந்தபோது கூப்பிட்டேன், திரும்பவில்லை.' 'பாட்டு நேரத்தில் என் வலப்பக்கம் வந்து நின்றாள், வாயைப் பார்த்தாள்.' மூன்றாம் வாரம் முழுவதையும் சேர்த்துப் படித்தபோதுதான் புரிந்தது: இடக்காது என் பக்கம் இருக்கும்போது மட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் அம்மாவிடம் சொன்னேன். "எப்போதும் அந்தக் காதில் சீழ் வடியும் மிஸ், எண்ணெய் விடுவேன்" என்றார். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை கதை நேரத்தில் எழுந்து போகவில்லை. என் முன்னால் உட்கார்ந்து, நான் நிறுத்தும் இடத்தில் "அப்புறம்?" என்று கேட்டாள். அன்று என் அறையில் பதினெட்டுப் பிள்ளைகள்தாம். முப்பத்தெட்டு இருந்திருந்தால் அவள் இன்றுவரை அடங்காதவளாகவே இருந்திருப்பாள்.

ஆகவே துணிக்கடை வேலையை இப்போதே விடாதீர்கள். எந்தப் படிப்புக்கும் இன்னும் பணம் கட்டாதீர்கள். உங்கள் வார விடுமுறையை, அங்கன்வாடி நடக்கும் ஒரு கிழமைக்கு மாற்றித் தர முடியுமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். உங்கள் தெரு அங்கன்வாடிக்குப் போய்ப் பணியாளரிடமும் உதவியாளரிடமும் அனுமதி கேளுங்கள். "வாரத்தில் ஒரு நாள் காலை உங்களுக்குக் கூடமாட ஒத்தாசையாக இருக்கிறேன்" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கை கழுவிவிடுங்கள், தட்டு எடுத்து வையுங்கள், கேட்டால் கதை சொல்லுங்கள். ஒரு குழந்தையை மட்டும் தேர்ந்துகொண்டு, வீட்டுக்கு வந்ததும் அன்று அது செய்ததை ஒரு வரி எழுதுங்கள். பத்து வாரம். பதினோராவது வாரமும் போகத் தோன்றினால், நோட்டை எடுத்துக்கொண்டு மேலே சொன்ன பட்டயங்களில் உங்களுக்குப் பொருந்துவதற்கு விண்ணப்பம் வாங்கப் போங்கள். அப்பாவிடம் பேச வேண்டியிருந்தால், அந்த நோட்டையே அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.